துளை போட்ட கணக்கு எங்கே?

கொச்சி மட்டாஞ்சேரியில் மண் பரிசோதனைக்குத் துளை போடும்போது முதல் சில மணி நேரம் சுத்தியலுக்கு வேலையே இருக்காது. முக்காலி நிறுத்தி, வின்ச் பூட்டி, அறுபத்து மூன்றரை கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட வேண்டும். மாதிரிக் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு ‘என் வேல்யூ’ என்று பெயர். இங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. சுத்தியலைக் கம்பியின் தலையில் மெல்ல வைத்தாலே குழாய் தானாக இறங்கிவிடும். பதிவேட்டில் பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதிக்கொண்டே போவோம். வெளியே எடுத்தால் கருஞ்சாம்பல் நிறச் சேறு. நடுவே சிப்பித் துண்டுகள். மக்கிய மரத்தின் வாடை.

ஓய்வு பெறும்வரை இதே தொழிலில் இருந்தவன் நான். விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றலும் மல்லியும் கொண்டுவந்து பஜார் ரோட்டில் விற்ற குடும்பம் எங்களுடையது. கடை அண்ணனுக்குப் போயிற்று, எனக்கு மண் வாய்த்தது. அண்ணன் இன்றைக்கும் கேட்பார், “சேத்தை அள்ளிப் பாட்டில்ல அடைச்சு என்னப்பா கண்டே?” என்று. அவருக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளுக்குச் சேற்றில் வேலை இல்லை. கரும்பாறையை நொறுக்கிக் காற்றழுத்தத்தால் தூளை வெளியே ஊதித் தள்ளும் இயந்திரம் அது. இங்கே துளையின் சுவர் நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். கேசிங் குழாய் இறக்கி, பென்டோனைட் களிமண் கரைத்த தண்ணீரைச் சுற்றவிட்டால்தான் துளை துளையாக இருக்கும். காக்கநாட்டுப் பக்கம் வேலைக்கு வந்திருந்த வண்டியிலிருந்து ஒரு பையன் எங்கள் வேலையை வேடிக்கை பார்க்க வந்தான். ஐம்பது மீட்டர் தாண்டியும் களியும் மணலுமாகவே வருவதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், இந்த ஊர்ல பாறையே கெடையாதுங்களா?” என்றான். “இருக்கு தம்பி, மேற்கே போகப் போகக் கீழே எறங்கிக்கிட்டே போகும்” என்றேன். ஏன் இறங்குகிறது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய அரசு அலுவலகங்களும் கேட்கவில்லை. என் குறை அதுதான்.

காக்கநாட்டிலும் திருப்பூணித்துறையிலும் வெட்டுக்கல் மேடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றுக்கு அடியில் பழம்பாறை. எர்ணாகுளம் நகரத்துக்குள் வரும்போது அந்தப் பாறை கீழே போய்விடுகிறது. காயலைக் கடந்து மட்டாஞ்சேரி வருவதற்குள் இன்னும் ஆழம். கரையைத் தாண்டி அரபிக் கடலுக்குள் போனால் அதன் மேல் கிலோமீட்டர் கணக்கில் படிவுகள் குவிந்துள்ளன. இந்தச் சரிவு தொடங்கிய இடம் மடகாஸ்கர்.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நம் மேற்குக் கரைக்கு அந்தப் பக்கம் கடல் இல்லை, மடகாஸ்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. கேரளத்தின் பழம்பாறைகளுக்கு உறவான பாறைகள் அந்தத் தீவில் இன்றும் கிடக்கின்றன. அடியிலிருந்து வெப்பம் எழும்பி இரண்டு நிலங்களும் பிரியத் தொடங்கியபோது பீறிட்ட எரிமலைக் குழம்பின் மிச்சம், உடுப்பிக்கு எதிரே செயின்ட் மேரீஸ் தீவுகளில் தூண் தூணாக நிற்கிறது. அந்தப் பாறையின் வயது ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டு. பிறகு இன்னொரு பிரிவு வந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்தது. அதை ஒட்டிய காலத்தில் செஷல்ஸ் கழன்றுகொண்டது. பரசுராமர் மழுவை எறிந்து கடலை விலக்கி நிலத்தை மீட்டார் என்பது கேரளத்தின் கதை. பாறைகள் சொல்வது நேர் எதிர். இருந்த நிலம் விலகிப் போயிற்று, அந்த இடத்துக்குக் கடல் வந்தது.

இரண்டு நிலங்கள் பிரியும்போது கத்தியால் வெட்டியது போல நேராகப் பிரிவதில்லை. பரோட்டா மாவை இரு கையாலும் இழுத்தால் நடுப்பகுதி மெலிந்து தொய்வது போல, பூமியின் மேலோடும் முதலில் இழுபட்டு மெலிகிறது. அறுவது அதற்குப் பிறகுதான். மெலியும்போதே துண்டு துண்டாக உடைந்து படிக்கட்டுகளாக இறங்குகிறது. கேம்பிரிட்ஜ் புவியியலாளர் டான் மெக்கென்சி 1978-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதை இரண்டு கட்டமாகப் பிரித்தார். மேலோடு மெலிந்தவுடன் ஏற்படும் தாழ்வு முதல் கட்டம். புவியியல் கணக்கில் அது சட்டென்று நடந்து முடியும். மெலிந்த இடத்தில் அடியிலிருந்து சூடான பொருள் மேலே வந்திருக்கும். அது ஆறுகிறது, ஆற ஆறக் கனக்கிறது, கனக்கக் கனக்கத் தரை மெல்ல இறங்குகிறது. இந்த இரண்டாம் கட்டம் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓடும். ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்ட, அந்த மண்ணின் எடையே தரையை இன்னும் அழுத்தி, மேலும் மண் கொள்ள இடம் செய்கிறது. எண்ணெய்க் கம்பெனிகள் இன்றைக்கும் ஒரு படுகையின் கணக்கைப் போடும்போது இந்த இரண்டு கட்டங்களில்தான் தொடங்குகின்றன.

மலபார் கரைக்கு எதிரே உள்ள படுகைக்கு அரசு ஆவணங்களில் கேரளா–கொங்கண் படுகை என்று பெயர். அதற்கு மண் கொடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலை. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓடுகின்றன. எல்லாம் குட்டை ஆறுகள். நீளமான பெரியாறே 244 கிலோமீட்டர்தான். ஆனால் மழை கொட்டுகிற சரிவில் இறங்குவதால் மண்ணை அள்ளிக்கொண்டு வருகின்றன. கடலுக்குள் உள்ள அந்தப் படுகையின் கிழக்கு விளிம்பு நிலத்துக்குள் ஏறி நிற்கும் பகுதிதான் கொல்லம், ஆலப்புழை, கொச்சி. ஆலப்புழைப் பக்கம் துளையிட்டால் சுமார் 600 மீட்டர் வரை படிவுதான் கிடைக்கும்.

இந்த அடுக்குகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் துளை தேவையில்லை. வர்க்கலைக்கு ரயிலேறினால் போதும். கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் அந்தச் செம்பாறை முகத்தில் மணல், களி, மக்கிய கரி என்று வரிசையாகப் படிக்கலாம். 2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அது சேர்ந்தது. அதற்கும் கீழே உள்ள அடுக்கு கொல்லத்தில் அஷ்டமுடிக் காயலோரம், படப்பக்கரையில் வெளியே தெரிகிறது. கடற்சிப்பிகளும் பவளமும் நிறைந்த சுண்ணாம்புக்கல் அது. வர்க்கலைக் கரிக்கு ஒப்பான நிலக்கரியைத்தான் நாம் நெய்வேலியில் தோண்டுகிறோம். நெய்வேலி இருப்பது காவிரிப் படுகையில். அதுவும் ஒரு பிரிவினால் பிறந்ததே. அங்கே விலகிப் போனவை இலங்கையும் அண்டார்டிகாவும், காலமும் மடகாஸ்கர் பிரிவதற்குச் சில கோடி ஆண்டுகள் முந்தியது. அரியலூரில் வயல்காட்டில் கடல் உயிர்களின் தொல்லெச்சம் கிடைப்பதும், நரிமணத்தில் எண்ணெய் கிடைத்ததும் அந்தப் பிரிவின் விளைவுகளே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மட்டாஞ்சேரிச் சுவரில் விரிசல் விட்டால் மடகாஸ்கரைக் குற்றம் சொல்ல முடியாது. 9 கோடி ஆண்டில் அந்தச் சூடு ஏறக்குறைய ஆறிவிட்டது. இன்றைக்கு அதனால் தரை இறங்குவதை ஒரு மனித ஆயுளில் அளப்பதே கடினம். நான் பூஜ்யம் எழுதிய அந்தச் சேறு மிகமிகப் புதியது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைய மட்டத்துக்கு 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்த ஆறுகள் பழைய படிவுகளில் பள்ளம் அறுத்துக்கொண்டு வெகுதூரம் மேற்கே ஓடிக் கடலில் விழுந்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது அந்தப் பள்ளங்கள் சேற்றால் நிரம்பின. படுகை கொடுத்தது சாய்தளத்தையும் படிக்கட்டையும். கடல் கொடுத்தது சேறு. இரண்டும் சேர்ந்ததால்தான் ஒரு மனையில் முப்பது மீட்டரில் தட்டுப்படும் கெட்டியான அடுக்கு, தெருவுக்கு எதிர்ப்பக்க மனையில் காணாமல் போகிறது. பக்கத்து மனையின் அறிக்கையை நகலெடுத்துத் தன் மனைக்கு ஒட்டிக்கொடுக்கும் வழக்கம் இந்த ஊரில் எவ்வளவு ஆபத்தானது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நடக்கிறது.

இந்த ஊர் அசையும் என்பது புதிய செய்தியும் அல்ல. 1341 வெள்ளத்தில் பெரியாறு போக்கு மாறி, முசிறித் துறை தூர்ந்து, கொச்சி அழிமுகம் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வைப்பின் தீவு எழுந்ததை வைத்து ‘புதுவைப்பு’ என்று ஓர் ஆண்டுக் கணக்கே இங்கு வழங்கியிருக்கிறது. 1920-ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர், அழிமுகத்தை மறித்த மணல் திட்டை வெட்டும் முன் அலையையும் சேற்றையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1928 மே மாதம் பத்மா என்ற கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி வெல்லிங்டன் தீவு உருவானது. காலனி அரசின் நோக்கம் பற்றி எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் மண்ணைக் கேட்டுவிட்டுக் கை வைத்தவர் என்ற மரியாதையை பிரிஸ்டோவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்றைக்குப் படுகையைக் கேட்கிறவர்கள் யார்? எண்ணெய்க்காகக் கேட்கிறார்கள். இந்தியாவின் 26 படிவுப் படுகைகளை மத்திய அரசு மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. காவிரி முதல் தரம். எண்ணெய் எடுத்து விற்கிற இடம். கேரளா–கொங்கண் மூன்றாம் தரம். இருக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும். அந்த நம்பிக்கைக்காகக் கப்பல்கள் நில அதிர்வு அலைகளை அனுப்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் படம் எடுத்திருக்கின்றன. அந்தத் தரவைச் சேர்த்து வைக்க 2017-ல் ஒரு தேசியக் களஞ்சியமே திறந்தார்கள்.

மணலுக்காகவும் கேட்கிறார்கள். கேரளக் கடலடியில் 74.5 கோடி டன் கட்டுமான மணல் இருப்பதாக இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு வைத்த கடலடிக் கனிமத் தொகுதிகளில் கொல்லத்துக்கு எதிரே உள்ள மணலும் சேர்ந்திருந்தது. 2025 பிப்ரவரி 27 அன்று கேரளக் கரை முழுவதும் மீனவர்கள் கடலடைப்பு நடத்தினார்கள். அவர்கள் பக்கம்தான் நான். கிளிமீனும் கணவாயும் கிடைக்கிற கொல்லம் திட்டை உறிஞ்சி எடுத்துவிட்டு வேறு எங்கே வலை போடச் சொல்வது? ஆனால் அந்தப் போராட்டத்தின் நடுவே என்னை உறுத்தியது இன்னொரு விஷயம். கொல்லத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் எத்தனை டன் மணல் கிடக்கிறது என்று சொல்ல முடிகிற ஓர் அரசால், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு அடியில் எத்தனை மீட்டர் சேறு என்று கேட்டால் ஓர் அலுவலகத்தில், ஒரே மேஜையில் பதில் காட்ட முடியாது. 2011 கணக்குப்படி 6 லட்சம் பேர் குடியிருக்கும் மாநகராட்சி கொச்சி.

தகவல் இல்லை என்பதல்ல பிரச்சினை. கொச்சியில் ஆண்டுதோறும் எத்தனையோ துளைகள் விழுகின்றன. பாலத்துக்கு, மெட்ரோவுக்கு, அடுக்குமாடிக்கு, செல்போன் கோபுரத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர் லாக் எழுதப்படுகிறது. இத்தனை மீட்டரில் இன்ன மண், இன்ன நிறம், இத்தனை அடி, தண்ணீர் இங்கே நின்றது. வேலை முடிந்ததும் அந்தத் தாள் கான்ட்ராக்டரின் கோப்புக்குள் போகிறது. கம்பெனி மூடினால் கோப்பு பழைய பேப்பர் கடைக்கு. நானே எழுதிய லாக்குகளைப் பிற்பாடு ஒரு தேவைக்குக் கேட்டபோது, அந்த நிறுவனத்தில் யாருக்கும் அவை இருந்த நினைவே இல்லை. பிறகு அதே தெருவில் அடுத்தவர் கட்டும்போது மறுபடி முதலிலிருந்து துளை, மறுபடி செலவு. செலவை மிச்சம் பிடிக்க நினைத்தால் நான் மேலே சொன்ன நகலெடுப்பு.

விளைவுகள் செய்தித்தாளில் வந்தவைதான். 2022-ல் கொச்சி மெட்ரோவின் பத்தடிப்பாலம் பகுதியில் 347-ஆம் எண் தூணருகே தண்டவாளத்தில் சிறு பிசகு தெரிந்தது. ஆராய்ந்தபோது, தூணைத் தாங்கத் தரைக்குள் இறக்கிய பைல் அடியில் பாறையைத் தொடவில்லை என்று கண்டார்கள். கூடுதலாகப் பைல் இறக்கி வலுவாக்கினார்கள். கண்டுபிடித்ததும் சரிசெய்ததும் பாராட்டத்தக்கதே. மெட்ரோவுக்கு அது சாத்தியம், ஆளும் பணமும் உண்டு. 2008-ல் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்துக்குச் சாலை, ரயில் பாதை அமைக்க மூலம்பிள்ளி உள்ளிட்ட இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட 316 குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் பலருக்கு மாற்று இடமாகக் கொடுத்தது துதியூரில் சதுப்பை நிரப்பிய மனை. அங்கே கட்டிய வீடுகள் சாய்ந்தன, விரிசல் விட்டன. பட்டாவோடு ஒரு போர் லாக்கையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், கொடுத்த அதிகாரிக்கே கை நடுங்கியிருக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதைக் கேரளத்துச் சங்கதி என்று தள்ள வேண்டாம். 2017 ஏப்ரலில் சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்க வேலையின்போது தரை உள்வாங்கி, ஓர் அரசுப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியது நினைவிருக்கும். அதே ஆண்டு பிப்ரவரியில் நெடுவாசலில் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தார்கள். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. அந்த விவாதம் முழுக்க, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற விவரம் ஒரு தரப்பின் கணினியிலும், அச்சம் மறுதரப்பின் மனதிலும் இருந்தன. நிலத்தடி நீர் எந்த அடுக்கில் நிற்கிறது, அதற்கும் எண்ணெய் அடுக்குக்கும் நடுவே என்ன இருக்கிறது என்ற படம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கியிருந்தால் சண்டை நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. சண்டை இன்னும் கூர்மையாக நடந்திருக்கும்.

துளைப் பதிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றால் வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். மண் மோசம் என்று வெளியே தெரிந்தால் மனை விலை விழும் என்பார்கள். விழட்டும். சேற்றின் மேல் கட்டுகிறவன் பைலுக்கு ஆகும் செலவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு விலை பேசுவதில் என்ன அநியாயம்? அறிக்கை எங்கள் சொத்து என்று ஆலோசனை நிறுவனங்கள் சொல்லும். பரிந்துரையும் கணக்கீடும் உங்கள் சொத்தாகவே இருக்கட்டும். எத்தனை மீட்டரில் என்ன மண் என்பது யாருடைய சொத்தும் அல்ல. பாதுகாப்பு ரகசியம் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். கடற்படைத் தளத்துக்கு விலக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். கூவப்பாடத்துக் களிமண்ணில் என்ன ரகசியம்?

1663-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்து 1795 வரை ஆண்ட டச்சுக்காரர்களின் நாடும் சேற்றின் மேல் நிற்பதுதான். அங்கே 2018 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அரசு அமைப்புகள் தங்கள் பணிகளுக்காகத் தரைக்கு அடியிலிருந்து எடுக்கும் தகவலைத் தேசியப் பதிவேட்டில் சேர்த்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பிரிட்டனின் புவியியல் ஆய்வு நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துளைப் பதிவுகளை வைத்திருக்கிறது. பெரும்பாலானவற்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று சொல்லி நாம் டிக்கெட் விற்கிறோம். அந்த நாட்டிடமிருந்து இன்றைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது இந்தச் சட்டம்.

இந்தியாவில் இதற்கு அஸ்திவாரம் இல்லாமலும் இல்லை. புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வரைபடங்கள் ‘பூகோஷ்’ தளத்தில் கிடைக்கின்றன. 2023 டிசம்பரில் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் வந்தது. ஆனால் அவை கனிமம் தேடுகிறவர்களை மனதில் வைத்துக் கட்டியவை. நகரத்து அஸ்திவாரத் துளைகள் அந்த வலைக்குள் விழவே இல்லை. கேரளத்தில் படிக்க ஆள் இல்லையா? கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல் புவியியல் துறை எர்ணாகுளத்தில் காயலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. தாள்களைக் கொடுத்தால் மாணவர்கள் இரண்டு மூன்று ஆண்டில் கொச்சியின் அடித்தளப் படத்தை வரைந்துவிடுவார்கள்.

2000 டிசம்பர் 12 அன்று ஈராற்றுப்பேட்டை அருகே ரிக்டரில் 5 அளவில் நிலம் நடுங்கியது பலருக்கு மறந்திருக்கும். வடக்கே இமயத்தை முட்டிக்கொண்டிருக்கும் நம் தட்டின் இறுக்கம் இங்கேயும் பழைய பிளவுகளில் எப்போதாவது வெளிப்படும். பாறை மேல் நிற்கும் வீட்டைவிடச் சேற்றின் மேல் நிற்கும் வீடு கூடுதலாக ஆடும் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. எந்த வார்டு எவ்வளவு ஆடும் என்று சொல்லத்தான் அந்தப் படம் தேவை.

எனவே கொச்சி மாநகராட்சிக்கும் கேரள உள்ளாட்சித் துறைக்கும் என் கோரிக்கை. 2019 கேரள நகராட்சிக் கட்டட விதிகளில் ஒரு வரி சேருங்கள். மண் பரிசோதனை செய்துதான் கட்ட வேண்டிய எந்தக் கட்டடத்துக்கும், போர் லாக்கின் நகல் அட்சரேகை தீர்க்கரேகையோடு மாநகராட்சியில் பதிவான பிறகே குடியேற்றச் சான்று. அரசுப் பணிகளுக்கு இந்த ஆண்டே தொடங்குங்கள். தனியாருக்கு அடுத்த ஆண்டு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் இதையே செய்யலாம். வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வீடு கட்டும்போது மண் பரிசோதனைக்குக் காசு கொடுத்தால், “எல்லாம் ஓகே சார்” என்ற ஒற்றைத் தாளோடு திரும்பாதீர்கள். உங்கள் மனையில் போட்ட துளையின் லாக்கைக் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள், பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் ஒரு நகல் கொடுங்கள்.